மருந்துக் காப்புரிமை: சேலத்தில் ஓர் உதவி மையம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025 ஜூலை 24 அன்று இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றி நம் பத்திரிகைகளில் நிறைய வந்தது. ஜவுளிக்கு வரி போகிறது என்று இந்தப் பக்கத்து ஏற்றுமதியாளர்கள் மகிழ்ந்தார்கள். விஸ்கி விலை, கார் விலை பற்றியெல்லாம் விரிவாக எழுதினார்கள். அதே ஒப்பந்தத்தில் அறிவுசார் சொத்துரிமை அத்தியாயத்தில் ஒரு வாசகம் இருக்கிறது. மக்களுக்கு மருந்து கிடைக்கச் செய்யச் சிறந்த வழி, காப்புரிமை வைத்திருக்கும் கம்பெனி தானாக முன்வந்து பிறருக்கு உரிமம் கொடுப்பதுதான் என்று இரண்டு நாடுகளும் ஏற்றுக்கொள்கின்றன என்பது அதன் சாரம். இதைப் பற்றித் தமிழில் ஒரு பத்தி கூட என் கண்ணில் படவில்லை. இது சேலத்துக்காரர்களைத் தொடும் விஷயம். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் அஸ்தம்பட்டியில் மருந்துக் கடை நடத்துகிறேன். அப்பா ஆரம்பித்த கடை, டி.பார்ம். முடித்ததும் அவரோடு உட்கார்ந்தவள், இன்று வரை அதே கல்லாவில் இருக்கிறேன். ஏற்காட்டிலிருந்து இறங்கும் பஸ் இந்த வழியாகத்தான் வரும். நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம் ஆட்கள் பெரியாஸ்பத்திரிக்கோ தனியார் டாக்டரிடமோ காட்டிவிட்டுச் சீட்டோடு என் கடைக்கு வருவார்கள். சீட்டை நீட்டும்போதே, "அக்கா, பஸ்ஸுக்கு வெச்சுக்கிட்டு மீதிக்குக் குடுங்க" என்பார்கள். பத்து மாத்திரை அட்டையைக் கத்தரித்து மூன்று, நான்கு என்று கொடுப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. மருந்தின் விலை என்பது அவர்களுக்கு அந்தக் கத்தரிக்கோல்தான்.

விலை எப்படி இறங்குகிறது என்பதைக் கல்லாவில் உட்கார்ந்தே பார்த்திருக்கிறேன். எம்பாக்ளிஃப்ளோசின் என்று ஒரு சர்க்கரை மாத்திரை. இதயம் பலவீனமானவர்களுக்கும் எழுதுவார்கள். ஒரு மாத்திரை 60 ரூபாய் அளவில் விற்றது. 2025 மார்ச்சில் அதன் காப்புரிமை முடிந்தது. அந்த மாதமே பல கம்பெனிகள் அதே மருந்தை இறக்கின. 10 ரூபாய்க்கும் குறைவாகவே கிடைத்தது. மருந்து மாறவில்லை, வியாதி மாறவில்லை, கடையும் மாறவில்லை. ஒருவர் மட்டுமே விற்கலாம் என்ற உரிமை போனது, அவ்வளவுதான். அட்டையைக் கத்தரிக்கச் சொன்னவர்களில் சிலர் அதற்குப் பிறகு முழு அட்டையாக வாங்கிப் போனார்கள்.

முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டும் நல்ல திட்டங்கள். என் வியாபாரத்துக்குப் போட்டிதான் என்றாலும் மனமாரச் சொல்கிறேன். ஆனால் காப்புரிமை உயிரோடு இருக்கும் மருந்தை அந்தக் கடைகளாலும் மலிவாகக் கொடுக்க முடியாது. 20 ஆண்டுக் காப்புரிமை முடியும்வரை நோயாளி காத்திருக்க வேண்டும். சர்க்கரைக்காரர் பழைய மருந்தை வைத்துச் சமாளிப்பார். புற்றுநோய்க்காரர் எப்படிக் காத்திருப்பார்?

காத்திருக்கத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. டிரிப்ஸ் என்ற, உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 1995 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. மருந்துக்குக் காப்புரிமை தர வேண்டும் என்று கட்டாயப்படுத்திய அதே ஒப்பந்தம், நாடுகள் தங்கள் மக்களின் உடல்நலத்துக்காகப் பயன்படுத்திக்கொள்ளப் பல தளர்வுகளையும் உள்ளே வைத்திருக்கிறது. எது புதுக் கண்டுபிடிப்பு என்பதை ஒரு நாடே தீர்மானிக்கலாம். விலை எட்டவில்லை என்றால், காப்புரிமையாளர் சம்மதம் இல்லாமலே தயாரிக்க வேறு கம்பெனிக்குக் கட்டாய உரிமம் கொடுக்கலாம். அரசே பயன்படுத்திக்கொள்ளலாம். வேறு நாட்டில் முறையாக விற்கும் மருந்தை வாங்கி வரலாம். காப்புரிமை முடியும் முன்பே அதன் நகல் மருந்தைச் சோதனை செய்து தயாராக வைத்திருக்கலாம். 2001 நவம்பர் 14 அன்று தோஹாவில் எல்லா உறுப்பு நாடுகளும் சேர்ந்து, இந்த ஒப்பந்தம் பொதுச் சுகாதாரத்தைக் காக்கும் நடவடிக்கைகளுக்குத் தடையாக இருக்கக் கூடாது என்றும், எந்தக் காரணத்துக்குக் கட்டாய உரிமம் தருவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம் என்றும் எழுதி வைத்தன. இவை நமக்கு யாரோ போட்ட பிச்சை இல்லை. எய்ட்ஸ் நோயாளிகளும் ஏழை நாடுகளும் போராடி எழுத வைத்தவை.

எய்ட்ஸ் என்றதும் எங்கள் கடையின் பழைய நாட்கள் நினைவுக்கு வருகின்றன. 1997 வரை நாமக்கல்லும் சேலம் மாவட்டம்தான். சங்ககிரி, நாமக்கல் லாரிக்காரர்கள் வீடுகளில் அந்த வியாதி புகுந்த காலம் அது. இளம் பெண்கள் முக்காட்டை இழுத்துக்கொண்டு கடைக்கு வந்து, மற்றவர்கள் போகும்வரை நின்று, பிறகு மெதுவாக மருந்தின் விலை கேட்பார்கள். அப்பா ஸ்டாக்கிஸ்டிடம் கேட்டுச் சொல்வார். கேட்டவர்களில் பெரும்பாலோர் வாங்காமலே போவார்கள். வெளிநாட்டில் ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆன கூட்டு மருந்தை, 2001 பிப்ரவரியில் நம் நாட்டுச் சிப்லா கம்பெனி 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. அது எப்படி முடிந்தது? 1970ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை, செய்முறைக்கு மட்டுமே தந்தது. அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்டது சென்னை வக்கீலாக இருந்து நீதிபதியான என்.ராஜகோபால ஐயங்கார் 1959இல் கொடுத்த அறிக்கை. இந்தியாவில் பதிவான காப்புரிமைகளில் 80 முதல் 90 சதவீதம் வெளிநாட்டவர் கையில் இருந்தன, அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் இங்கே தயாரிப்புக்கே வரவில்லை என்று அவர் எழுதினார். ஓர் ஆள் உட்கார்ந்து, கணக்கெடுத்து, நம் ஊர் நிலைமைக்கு என்ன சட்டம் வேண்டும் என்று யோசித்தால் என்ன நடக்கும் என்பதற்கு அந்த அறிக்கையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

2005 ஜனவரி 1 முதல் அந்த ஏற்பாடு போனது. மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை கொடுத்தாக வேண்டும் என்றாயிற்று. ஆனாலும் நாடாளுமன்றம் சில காவல்களை வைத்துத்தான் சட்டத்தைத் திருத்தியது. பிரிவு 3(டி) அதில் முக்கியமானது. தெரிந்த ஒரு மருந்தின் உப்பையோ படிக வடிவத்தையோ மாற்றிவிட்டு, குணமாக்கும் சக்தி கூடியதாக நிரூபிக்காமல், புதுக் காப்புரிமை கேட்கக் கூடாது என்கிறது. ரத்தப் புற்றுநோய்க்கான கிளிவெக் மாத்திரை வழக்கு இதில்தான் நடந்தது. அதற்கு நோவார்ட்டிஸ் கம்பெனி போட்ட காப்புரிமை விண்ணப்பத்தைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006 ஜனவரியில் நிராகரித்தது. 3(டி) பிரிவே செல்லாது என்ற நோவார்ட்டிஸின் வாதத்தை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நிராகரிப்பை உறுதி செய்தது. மாதம் 1,20,000 ரூபாய் அளவில் ஆன மருந்து, மற்றக் கம்பெனிகள் தயாரித்த ஜெனரிக்கில் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தது. இதில் நான் கவனித்தது வேறு ஒன்று. அந்த விண்ணப்பத்தை முதலில் எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு சங்கமும் இருந்தது. காப்புரிமை கொடுப்பதற்கு முன்பே அதை எதிர்த்து யார் வேண்டுமானாலும் மனு செய்யலாம் என்று பிரிவு 25(1) சொல்கிறது. யார் வேண்டுமானாலும் என்றால் நானும்தான், ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பெண்ணும்தான்.

காசநோய் மருந்து பெடாகுவிலினில் இதுதான் நடந்தது. மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசன், தென்னாப்பிரிக்காவின் புமேசா டிசிலே இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய ஊசி மருந்தின் பக்கவிளைவால் இருவருக்கும் காது கேட்காமல் போனது. வாயால் சாப்பிடும் இந்தப் புது மருந்தின் உப்பு வடிவத்துக்கு ஜான்சன் அண்ட் ஜான்சன் கேட்ட இரண்டாவது காப்புரிமையை எதிர்த்து 2019இல் மனு கொடுத்தார்கள். அது கிடைத்திருந்தால் ஏகபோகம் 2027 வரை நீண்டிருக்கும். 2023 மார்ச்சில் நம் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. மூலக் காப்புரிமை அந்த ஜூலையில் முடிந்தது. மற்ற கம்பெனிகள் தயாரிக்க வழி பிறந்தது. இருவரும் வேதியியல் படித்து இதைச் செய்யவில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு பக்கத்தில் நின்றது. விண்ணப்பத்தைப் படித்து, எந்த வாசகம் பழையது, எதை எந்த ஆவணத்தால் காட்டலாம் என்று சொல்லிக்கொடுக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். டெல்லி, ஜெனிவா கூட்டங்களில் தொழில்நுட்ப உதவி என்று பேசுவார்களே, நோயாளியின் பக்கம் அது வந்து சேரும்போது இப்படித்தான் இருக்கும்.

அந்த உதவி இல்லாதபோது என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கட்டாய உரிமத்துக்கான பிரிவு 84இன் கீழ் இந்தியா இதுவரை கொடுத்தது ஒன்றே ஒன்று. ஈரல், சிறுநீரகப் புற்றுநோய்க்கான நெக்சவார் மருந்துக்கு பேயர் கம்பெனி மாதம் 2,80,428 ரூபாய் வாங்கியது. 2012 மார்ச்சில் நாட்கோ கம்பெனிக்கு உரிமம் கிடைத்தது. விலை 8,880 ரூபாய். பேயருக்கு 6 சதவீதம் ராயல்டி. அது பிறகு 7 ஆக உயர்ந்தது. அடுத்து, ரத்தப் புற்றுநோய்க்கான டாசாடினிப் மருந்துக்கு பி.டி.ஆர். என்ற கம்பெனி கேட்டது. 2013இல் நிராகரிப்பு. காரணம், காப்புரிமையாளரிடம் முறையாகப் பேசி உரிமம் பெற முயன்றதைக் காட்டவில்லை என்பது. சர்க்கரை நோய்க்கான சாக்ஸாக்ளிப்டினுக்கு லீ பார்மா கேட்டது. 2016இல் நிராகரிப்பு. எத்தனை நோயாளிகளுக்கு அந்த மருந்து வேண்டும், எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்ற கணக்கைக் காட்ட முடியவில்லை. அதே வகை மருந்துகள் வேறு இருக்கின்றன என்றும் சொன்னார்கள். அந்தக் கணக்கு யாரிடம் இருந்திருக்கும்? என்னைப் போன்ற கடைக்காரர்களிடம், பெரியாஸ்பத்திரி மருந்துக் கிடங்கில், டாக்டரின் ஓ.பி. நோட்டில் இருந்திருக்கும். யாரும் வந்து கேட்கவில்லை. எதைக் குறித்து வைக்க வேண்டும் என்று எங்களுக்கும் யாரும் சொல்லவில்லை.

கேரளத்தில் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்மணி, ரைபோசிக்ளிப் மருந்துக்கு மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் கட்ட முடியாமல், அரசு தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி விலையைக் குறைக்க வழி செய்ய வேண்டும் என்று 2022இல் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே இறந்துவிட்டார். நீதிமன்றம் தானாகவே அந்த வழக்கைத் தொடர்ந்து நடத்தியது. படித்தபோது இரண்டு நாள் எனக்கு வேலை ஓடவில்லை.

என் கடையிலும் ஒரு குடும்பம் வந்தது. வெள்ளக்கடைப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மனைவிக்கு மார்பகத்தில் கட்டி. டாக்டர் எழுதிய மாத்திரையின் எம்.ஆர்.பி.யைச் சொன்னதும் அந்த மனிதர் என்னைத் திரும்பக் கேட்கவே இல்லை. சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அவரை அனுப்பிவிட்டு அந்த மருந்துக்கு நம் நாட்டில் காப்புரிமை உண்டா, எப்போது முடிகிறது, வேறு யாராவது தயாரிக்கிறார்களா என்று தேட உட்கார்ந்தேன். மருந்துகளின் காப்புரிமை நிலையை நாடு வாரியாகக் காட்டும் மெட்ஸ்பால் என்ற இலவசத் தரவுத்தளம் ஒன்றை ஜெனிவாவிலுள்ள மருந்துக் காப்புரிமைக் கூட்டமைப்பு நடத்துகிறது. எச்.ஐ.வி., காசநோய், கல்லீரல் அழற்சி மருந்துகளுக்கு அது தங்கமானது. நான் தேடிய மாத்திரை அதில் இல்லை. நம் காப்புரிமை அலுவலகத்தின் தேடுதளமும் இலவசம்தான். ஆனால் அங்கே பிராண்டு பெயரைப் போட்டால் ஒன்றும் வராது, மருந்தின் பெயரைப் போட்டாலும் பல நேரம் வராது. விண்ணப்பம் எழுதும்போது அந்தப் பெயரே பிறந்திருக்காது. 'சூத்திரம் 1இல் கண்ட சேர்மம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒரே மருந்துக்கு மூலச் சேர்மம் ஒரு விண்ணப்பம், உப்பு ஒன்று, படிகம் ஒன்று, வேறு மருந்தோடு சேர்த்துக் கொடுப்பது ஒன்று என்று வரிசையாக இருக்கும். எது கொடுக்கப்பட்டது, எது கைவிடப்பட்டது, எது இன்னும் பரிசீலனையில் இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க மருந்தாளுநர் படிப்பு போதாது. தெரிந்த வக்கீல்களைக் கேட்டேன். நிலம், காசோலை, விபத்து நஷ்டஈடு என்றால் நம் ஊரில் ஆள் இருக்கிறார்கள். வெள்ளிக் கொலுசுக் கடைக்கு டிரேட்மார்க் எடுத்துத் தருபவரும் இருக்கிறார். மருந்துக் காப்புரிமை என்றால் எல்லோரும் சென்னையைக் கை காட்டினார்கள். அந்தக் குடும்பம் பழைய மருந்துக்கே திரும்பிப் போனது.

ரேஷன் கார்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கடையைத் திறக்காமல் வைத்திருப்பதுபோல்தான் இந்த நிலைமை.

உதவி செய்ய வேண்டும் என்பதும் அந்த ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. டிரிப்ஸின் 67ஆம் உறுப்பு, வளர்ந்த நாடுகள் வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்ப உதவியும் நிதி உதவியும் தர வேண்டும் என்கிறது. உரிமைகளைப் பாதுகாக்கச் சட்டம் எழுத மட்டுமல்ல, அந்த உரிமைகளைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கச் சட்டம் எழுதவும், ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கவும் உதவ வேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நடைமுறையில் முதல் பாதிதான் அதிகம் கிடைத்தது. 'ஓ.ஏ.பி.ஐ.' என்ற ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 1999இல் தன் பாங்குய் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது, ஐ.நா.வின் அறிவுசார் சொத்துரிமை அமைப்பான வைப்போவின் ஆலோசனை அதற்கு இருந்தது. அந்த நாடுகளில் பெரும்பாலானவை மிகவும் பின்தங்கியவை. டிரிப்ஸை நடைமுறைப்படுத்த அவற்றுக்குக் கொடுத்த அவகாசம் இன்னும் பல ஆண்டுகள் பாக்கி இருந்தது. இருந்தும் உலக வர்த்தக அமைப்பு கேட்டதைவிடக் கடுமையான விதிகளை ஏற்றுக்கொண்டன. சொல்லிக்கொடுப்பவர் யார், அவருக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் சட்டத்தின் வாசகத்தில் வந்து உட்கார்ந்துவிடும். வளரும் நாடுகள் இதை எதிர்த்துக் குரல் கொடுத்ததால்தான் 2007இல் வைப்போ 45 பரிந்துரைகள் கொண்ட வளர்ச்சி நிகழ்ச்சிநிரலை ஏற்றது. உதவி என்பது கேட்கும் நாட்டின் தேவையிலிருந்து தொடங்க வேண்டும், வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது முதல் பரிந்துரை. டிரிப்ஸ் தளர்வுகளை எப்படிப் பயன்படுத்துவது என்று வைப்போ ஆலோசனை தர வேண்டும் என்பதும் அதில் உண்டு.

நம் நாட்டிலேயும் அறிவுசார் சொத்துரிமை விழிப்புணர்வு என்று மத்திய அரசு பெரிய இயக்கம் நடத்தியது; கல்லூரிகளுக்கெல்லாம் வந்தார்கள். என் அண்ணன் மகளும் ஒரு வகுப்பில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்கி வந்தாள். காப்புரிமை எப்படி எடுப்பது, டிரேட்மார்க் எப்படிப் பதிவது, புவிசார் குறியீடு என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அது வேண்டியதுதான். சேலம் ஜவ்வரிசிக்கும் வெண்பட்டுக்கும் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் தவறாகக் கேட்கும் காப்புரிமையை எப்படி எதிர்ப்பது, கட்டாய உரிமம் என்றால் என்ன, அரசு ஆஸ்பத்திரிக்குச் சட்டம் கொடுத்திருக்கும் தனி உரிமை என்ன என்று கேட்டேன். அதெல்லாம் வகுப்பில் வரவில்லை என்றாள். இன்று பி.பார்ம். படிக்கும் பிள்ளைதான் நாளைக்கு ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கில் உட்காரும். சட்டத்தின் ஒரு பாதியை மட்டும் தெரிந்துகொண்டு போய் உட்காரும்.

அரசு ஆஸ்பத்திரி என்றேன். காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 47, காப்புரிமை பெற்ற மருந்தானாலும் அரசு ஆஸ்பத்திரிகளிலும் மருந்தகங்களிலும் விநியோகிக்க அரசு இறக்குமதி செய்யலாம் என்கிறது. எல்லாக் காப்புரிமையும் இந்த நிபந்தனையோடுதான் கொடுக்கப்படுகிறது. பிரிவு 100இன்படி மத்திய அரசோ, அது எழுத்தில் அனுமதித்தவரோ, அரசுத் தேவைக்காக ஒரு கண்டுபிடிப்பைப் பயன்படுத்தலாம். அரசுத் தேவை என்பதில் மாநில அரசின் தேவையும் அடங்கும் என்று பிரிவு 99 விளக்குகிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. நாட்டுக்கே வழிகாட்டிய அமைப்பு என்று பெயர் வாங்கியது. அந்தக் கழகத்தில் காப்புரிமை தெரிந்த ஒரு சிறிய குழு இருந்து, எந்த விலையுயர்ந்த மருந்துக்கு இந்தப் பிரிவுகளைப் பயன்படுத்தலாம் என்று பார்த்து, மாநில அரசு மூலம் டெல்லிக்கு எழுதினால் தவறு என்ன? மலேசியா 2017இல் கல்லீரல் அழற்சி மருந்து சோஃபோஸ்புவிரை அரசுப் பயன்பாட்டு உரிமையில் எடுத்தது. கொலம்பியா 2024இல் எச்.ஐ.வி. மருந்து டொலுடெக்ராவிருக்குக் கட்டாய உரிமம் கொடுத்தது. தாய்லாந்து 2006 முதலே செய்திருக்கிறது. வானம் இடிந்து விழவில்லை.

இப்படிச் செய்தால் கம்பெனிகள் புது மருந்தைக் கண்டுபிடிக்க மாட்டார்கள், இந்தியாவுக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. என் கடைக்கு வரும் கம்பெனிப் பிரதிநிதிகளே சொல்வார்கள். நல்ல பிள்ளைகள், அவர்கள் வயிற்றுப்பாடு அது. ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. கட்டாய உரிமத்திலும் ராயல்டி கொடுக்கிறார்கள், யாரும் களவாடவில்லை. கிளிவெக் வழக்கில் தோற்ற கம்பெனி இன்றும் இங்கே வியாபாரம் செய்கிறது. வாங்க முடியாத விலைக்கு வைத்திருக்கும் மருந்தால் அந்த வெள்ளக்கடைக் குடும்பத்துக்கு வந்ததும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான். பிரிட்டன் ஒப்பந்த வாசகத்தைப் பார்த்து எனக்குப் பயம் வந்ததும் இதனால்தான். அது நம் சட்டப் பிரிவுகளை நீக்கவில்லை. ஆனால் ஏற்கெனவே 2012க்குப் பிறகு கையெழுத்துப் போடத் தயங்கும் அதிகாரிக்கு, இன்னும் தயங்க ஒரு காரணம் கிடைத்துவிடும். தானாகக் கொடுக்கும் உரிமம் வந்தால் வரட்டும், நல்லது. வராதபோது என்ன செய்வது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

ஆகவே நான் கேட்பது, சேலத்தில் ஒரு மருந்துக் காப்புரிமை உதவி மையம். பெரியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, சட்டக் கல்லூரிகள் இருக்கின்றன, மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருந்தியல் கல்லூரிகளுக்கு இங்கே பஞ்சமே இல்லை. கட்டடம் கட்ட வேண்டாம். ஓர் அறை, காப்புரிமை ஏஜென்ட் தேர்வு எழுதிய ஒருவர், அவரிடம் மாறி மாறி வந்து உட்காரும் மருந்தியல் மாணவர்கள், சட்ட மாணவர்கள் போதும். வேதியியல் தெரிந்தவரும் சட்டம் தெரிந்தவரும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும் என்பதுதான் முக்கியம். இதற்கு மருந்துக் கம்பெனிகளிடமிருந்து, அது வெளிநாட்டுக் கம்பெனியானாலும் நம் ஊர் ஜெனரிக் கம்பெனியானாலும், ஒரு ரூபாய் கூட வாங்கக் கூடாது. ஜெனரிக் கம்பெனிக்கும் தன் லாபம் உண்டு; எதிர்ப்பு மனுவைப் போட்டுவிட்டுப் பாதியில் சமரசம் செய்துகொண்டு போகும் கம்பெனியும் உண்டு. நோயாளி சார்பாக மனு போட்டவருக்குத்தான் கடைசிவரை நிற்கும் கட்டாயம் இருக்கும்.

அந்த மையம் முதலில் செய்ய வேண்டியது, புற்றுநோய், காசநோய், சிறுநீரகம், அரிய நோய் மருந்துகளில் எதற்கு என்ன காப்புரிமை இருக்கிறது, எது பரிசீலனையில் இருக்கிறது என்று தமிழில் ஒரு பட்டியல் போட்டு, மாதாமாதம் திருத்தி வெளியிடுவது. ஒரு விண்ணப்பம் வெளியான பிறகு ஆறு மாதத்துக்காவது காப்புரிமை கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த ஆறு மாதம் நிச்சயமாக நம் கையில் இருக்கும் காலம். வெளியானதே தெரியாமல் அது கழிந்துவிடுகிறது. காப்புரிமை கொடுத்த பிறகு எதிர்க்க ஓராண்டு உண்டு, ஆனால் அதற்குச் சம்பந்தப்பட்டவராக இருக்க வேண்டும். 2024 மார்ச்சில் திருத்திய விதிகளின்படி முன்கூட்டிய எதிர்ப்பு மனுவை ஏற்கலாமா என்பதையே முதலில் பரிசீலிக்கிறார்கள். அதனால் அரைகுறையாக எழுதிய மனு வாசலிலேயே திரும்பிவிடும். முன்னைவிட இப்போதுதான் விஷயம் தெரிந்தவர் உதவி அதிகம் தேவை. அதே திருத்தத்தில் இன்னொன்றும் நடந்தது. காப்புரிமை பெற்ற கம்பெனி அந்த மருந்தை இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்ததா என்று படிவம் 27இல் ஆண்டுதோறும் சொல்லிவந்தது. இனி மூன்று ஆண்டுக்கு ஒரு முறை சொன்னால் போதும். கம்பெனியிடமிருந்து வரும் தகவல் குறைந்தால், நாமே தகவல் சேர்க்க வேண்டியிருக்கிறது. எந்த மருந்து எந்த மாதம் வரவில்லை, என்ன விலைக்கு வந்தது, எத்தனை பேர் சீட்டைக் காட்டிவிட்டு வாங்காமல் போனார்கள் என்று மாவட்டத்திலுள்ள மருந்துக் கடைகள் ஒரே படிவத்தில் குறித்துக் கொடுக்கலாம். லீ பார்மா வழக்கில் கேட்டது இதைத்தான். நாங்கள் செய்யத் தயார். எங்கள் தெருவிலுள்ள மற்றக் கடைக்காரர்களிடமும் பேசியிருக்கிறேன். படிவம் கொடுத்தால் எழுதித் தருகிறோம் என்கிறார்கள்.

மாநில அரசு, ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம் மூன்றும் சேர வேண்டிய வேலை இது. மாவட்ட ஆட்சியரின் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கப்போகிறேன். உங்கள் நாளிதழில் இந்தக் கடிதம் வந்தால், கூடவே ஒரு வேண்டுகோளையும் போடுங்கள். சேலம் மாவட்டத்தில் விலையுயர்ந்த மருந்து எழுதப்பட்டு வாங்க முடியாமல் நிறுத்தியவர்கள், டாக்டர் சீட்டின் நகலையும், வாங்கிய மாதங்களின் பில்லையும், நிறுத்திய மாதத்தையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பில்லில் மருந்தின் பெயர், பேட்ச் எண், எம்.ஆர்.பி., தேதி நான்கும் இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்து வாங்குங்கள். மருந்து ஸ்டாக் இல்லை என்றால் அதையும் சீட்டின் பின்புறம் தேதி போட்டு எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். என் கடையில் கேட்டால் நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

தங்கள் வாசகி,
மருந்துக் கடைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.